குறையும் குற்றமும்

தமிழில் ‘குறை’ என்பதும் ‘குற்றம்’ என்பதும் அருகருகே வாழும் சொற்கள். இருக்கவேண்டிய ஒன்று இல்லாதிருத்தல் குறை. செய்யத்தகாத ஒன்றைச் செய்தல் குற்றம். வேலி தெளிவாகத்தான் இருக்கின்றது. எனினும் வழக்கில் அது நிலைப்பதில்லை. நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுத்தபோது அச்சொல்லால் மாசு, வழு என்னும் பொருளையே கருதினார். வள்ளுவர் ‘குற்றங்கடிதல்’ என்று ஓர் அதிகாரத்திற்குப் பெயரிட்டபோது மனிதன் தன்னுள் வளரவிடும் தீக்குணங்களைக் கருதினார். ஒரே சொல் இரு நிலத்திலும் மேய்கின்றது. ஏட்டளவில் இது பொருள்கோள் பற்றிய சிக்கல். ஆசிரியர் விளக்கினால் மாணவர்க்குத் தெளிந்துவிடும். வீட்டளவில் அங்ஙனம் அன்று. குறையோடு ஒரு குழந்தை பிறந்த வீட்டில், ‘இது யார் செய்த குற்றம்?’ என்னும் கேள்வி எழாதிருப்பது அரிது. கேள்வி எழுந்தபின் அதற்குரிய விடையாக ஒரு பெண்ணின் முகம் நோக்கப்படாதிருப்பது அதனினும் அரிது.

உடலின் குறை இன்ன இடத்தில் இருக்கின்றது என்று அறிவியல் இன்று துல்லியமாகச் சுட்டிக்காட்டுகின்றது. இடம் தெரிந்தபின் பழி மறைந்ததா? அன்றி, பழிக்கும் ஒரு முகவரி கிடைத்துவிட்டதா? இதுவே ஈண்டு ஆராயத்தக்க வினா.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைக் கடந்து மேலேறும் சாலையில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் கியா பார்ம் அமைந்துள்ளது. காய்கறிச் சந்தை, ஸ்ட்ராபெரிப் பழம், விடுமுறை நாளின் வண்டி நெரிசல் ஆகியவற்றால் அவ்வூரை அறிந்தவரே இன்று மிகுதி. அதன் அண்மையில் சுங்கை பாலாஸ் பக்கத்துச் சரிவுகளில் தேயிலை படர்ந்து கிடக்கின்றது. 1929இல் போ நிறுவனம் இம்மலையில் தோட்டத் தொழிலைத் தொடங்கிய காலந்தொட்டு அச்சரிவுகளில் தமிழ்க் கைகள் பல உழைத்துள்ளன. இன்று கொழுந்து பறிப்போரில் வெளிநாட்டுத் தொழிலாளர் மிகுந்துவிட்டனர். லயங்களில் பிறந்தவர்களின் மக்கள் பலர் மலையிறங்கிவிட்டனர். ஆயினும் தேயிலை ஆலைக்குள் நிகழும் வேலை மட்டும் மாறவில்லை.

பறித்த கொழுந்து முதலில் வாட்டப்படுகின்றது, பின்னர் நசுக்கப்படுகின்றது. நசுங்காத இலையில் இரண்டு பொருள்கள் தனித்தனி அறைகளில் கிடக்கின்றன. ஒன்று இலைக்குத் துவர்ப்பைத் தரும் வேதிப்பொருள். மற்றொன்று ஒரு நொதி. இலை நசுங்கியதும் சுவர் உடைகின்றது, இரண்டும் கலக்கின்றன, காற்றும் வந்து சேர்கின்றது. பச்சை நிறம் சற்று நேரத்தில் செம்பு நிறமாகின்றது. இன்னுஞ் சிறிது விட்டால் மணம் கெட்டுவிடும் என்பதறிந்து, பழகிய தொழிலாளி உரிய பதத்தில் அதனை உலர்த்தியிற் செலுத்துகின்றார். வெப்பம் நொதியை முடக்குகின்றது. இலையை முதலிலேயே சூடேற்றி நொதியை முடக்கிவிட்டால் கிடைப்பது பச்சைத் தேயிலை. கருந்தேயிலைக்கும் பச்சைத் தேயிலைக்கும் இடையிலுள்ள வேற்றுமை செடியின் சாதியில் இல்லை. ஒரு நொதி தொழிற்பட்டதா இல்லையா என்பதில் இருக்கின்றது.

அந்நொதி தன் நடுவில் செம்பணுக்களைத் தாங்கியது. அதே தொழில் மரபைச் சேர்ந்த மற்றொரு செம்பு நொதி மனிதத் தோலிலும் மயிரிலும் கண்ணிலும் இருக்கின்றது. டைரோசினேஸ் என்பது அதன் பெயர். மெலனின் என்னும் கருநிறப் பொருள் உருவாவதற்கு அது முதற்படி அமைக்கின்றது. நிறமுடைய மனிதர் யாவரும், ஒரு வகையில், பதப்பட்ட தேயிலையே. அந்நொதி முழுதும் இல்லாத குழந்தை வெண்மயிரும் வெண்தோலுமாய்ப் பிறக்கின்றது. ஒளியைக் காணக் கண் கூசும், விழிகள் நிலைகொள்ளாது ஆடும், பார்வை மங்கலாயிருக்கும்.

வெள்ளைத்துரைமார் ஆட்சி செய்த காலத்துத் தோட்ட லயம் ஒன்றில், கருநிறத் தாய்க்கும் கருநிறத் தந்தைக்கும் அத்தகைய குழந்தை பிறந்ததாகக் கற்பித்துப் பார்க்கலாம். ஊர் வாய் என்ன பேசியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மருத்துவச்சி மௌனமாக எழுந்து சென்றிருப்பாள். கணவன் குழந்தையைத் தொடாமல் நின்றிருப்பான். அத்தாய் தன் வாழ்நாள் முழுதும் சான்றில்லாத ஒரு வழக்கில் குற்றவாளியாய் நின்றிருப்பாள். ஏனெனில் அவள் காட்டத்தக்க சான்று எதுவும் அன்று உலகில் இருக்கவில்லை. பூசாரி வந்து முற்பிறவிப் பாவம் என்று கூறியிருந்தால் அது ஒப்புநோக்கக் கருணையான தீர்ப்பாகவே இருந்திருக்கும்.

அச்சான்று எங்கிருந்து வந்தது என்பது சுவையான வரலாறு. அது வந்தது எலியிடமிருந்து.

1908இல் இலண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட் தம் சொற்பொழிவுகளில் நான்கு பிறவி நிலைகளை எடுத்து விளக்கினார். உடலின் வேதியியற் பணியில் ஒரு படி தவறிப்போவதே அவற்றுக்குக் காரணம் என்று அவர் கருதினார். அந்நான்கனுள் வெண்தோல் நிலையும் ஒன்று. அவர் அவற்றுக்கு இட்ட பெயரைத் தமிழில் ‘பிறவிப் பிழைகள்’ எனலாம். பெயர் அத்துணைப் பொருத்தமானதன்று. பிழை என்றதும் பிழைத்தவர் ஒருவர் வேண்டுமே என்று மனம் தேடத் தொடங்கிவிடுகின்றது. கலைச்சொல் ஆக்குவோர் கருத்தூன்ற வேண்டிய இடம் இது.

ஏழாண்டு கழித்து, 1915இல், ஜே. பி. எஸ். ஹால்டேன், அவர்தம் சகோதரி நவோமி, நண்பர் ஸ்பிரண்ட் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். எலிகளில் வெண்மை நிலையும், செங்கண் நிலை என்னும் வேறொரு நிறக்குறையும் தலைமுறைதோறும் பெரும்பாலும் சேர்ந்தே இறங்கி வருகின்றன என்று அவர்கள் காட்டினர். இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அண்மையில் அமைந்துள்ளன என்பது அதன் பொருள். பாலூட்டிகளில் இத்தகைய பிணைப்பு முதன்முதலாகக் காட்டப்பட்டது அப்போதுதான். கட்டுரை அச்சேறியபோது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஹால்டேன் படையில் இருந்தார். ஸ்பிரண்ட் பிரான்சில் கொல்லப்பட்டுவிட்டார். எலிகளின் நிறத்தைக் கணக்கிட்ட இளைஞர் ஒருவர், மனிதர் மனிதரைக் கணக்கின்றிக் கொன்ற களத்தில் மாண்டார்.

ஹால்டேன் 1957இல் இந்தியாவிற் குடியேறினார். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும், பின்னர் புவனேசுவரத்திலும் பணியாற்றி, 1964இல் புவனேசுவரத்திலேயே மறைந்தார். அவரைச் சூழ்ந்திருந்த இளைஞருள் துரோணம்ராஜூவும் மீரா கானும் ஆந்திர நாட்டு உறவுமுறைத் திருமணங்களைப் பற்றி ஆய்வு செய்தவர்கள். மாமன் மகள், அக்காள் மகள் என்னும் உரிமைத் திருமணங்கள் தென்னாட்டில் எத்துணைப் பரவியுள்ளன என்பதை எண்களில் எழுதிக்காட்டியோருள் அவர்கள் முன்னவர்கள். பின்னாளில் மீரா கான் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்றார். மனிதரின் நொதி மரபணுக்கள் எந்தெந்தக் குரோமோசோமில் உள்ளன என்று கண்டறியும் பணியில் ஈடுபட்டார்.

அப்பணி நடைபெற்ற முறை வியப்பிற்குரியது. எலியைப்போல் மனிதரை இணைத்து வளர்த்துக் கணக்கிட இயலாது, அது அறமுமன்று, அதற்கு ஆயுளும் போதாது. ஆதலின் ஆய்வாளர் வேறொரு வழி கண்டனர். ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் மனித உயிரணுவையும் எலியின் உயிரணுவையும் ஒன்றாகக் கலக்கவைத்தனர். மனிதருக்குக் குரோமோசோம்கள் 23 இணை. எலிக்கு 20 இணை. (மனிதரின் எண்ணிக்கை 48 அன்று, 46தான் என்று 1956இல் திருத்தியவர்களுள் ஒருவரான ஜோ ஹின் ஜியோ ஜாவாவிற் பிறந்தவர் என்பது இப்பகுதி மாணவர் அறிந்து மகிழத்தக்கது.) கலந்த உயிரணு பெருகப் பெருக எலியின் குரோமோசோம்கள் நிலைத்துநிற்க, மனிதருடையவை ஒவ்வொன்றாய் உதிர்ந்துபோயின. எந்தக் குரோமோசோம் உதிர்ந்தபோது எந்த மனித நொதி மறைந்தது என்று நோக்கினால் அந்நொதியின் இருப்பிடம் விளங்கிவிடும். 1967இல் மேரி வைஸ், ஹோவர்ட் கிரீன் ஆகிய இருவரும் இவ்வழியைத் திறந்தனர். தைமிடின் கைனேஸ் என்னும் நொதி இருந்தாலன்றி உயிர்வாழ இயலாத ஊட்டக் கரைசலில் கலப்புயிரணுக்களை வளர்த்தபோது, மனிதக் குரோமோசோம் ஒன்று மட்டும் விடாது தங்கியது. அது 17ஆம் குரோமோசோம் என்பது பின்னர் உறுதியாயிற்று.

மனித நொதியையும் எலி நொதியையும் பிரித்தறிவது எங்ஙனம்? மின்னோட்டம் பாயும் கூழ்த்தகட்டில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன. சாயமிட்டால் தனித்தனிப் பட்டைகளாய்த் தெரிகின்றன. மீரா கான் 1971இல் வெளியிட்ட ஆய்வொன்று இம்முறையைச் செம்மைப்படுத்தியது. அப்பட்டைகளில் ஒன்று நின்று நோக்கத்தக்கது. சில நொதிகள் இரண்டு துண்டுகள் இணைந்தே தொழில் செய்கின்றன. கலப்புயிரணுவில் அத்தகைய நொதியை ஓடவிட்டால் மனிதப் பட்டைக்கும் எலிப் பட்டைக்கும் நடுவே மூன்றாவது பட்டையொன்று தோன்றுகின்றது. ஒரு துண்டு மனிதருடையது, மறு துண்டு எலியினுடையது. இரண்டும் கூடித் தொழில் செய்கின்றன. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் மனிதர்க்கு அம்மூன்றாவது பட்டையைக் காட்டினால் தகும். எலியோடு இணைந்து வேலை செய்ய மனித நொதிக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

1988இல் டைரோசினேஸ் மரபணு மனிதரின் 11ஆம் குரோமோசோமில் உள்ளது என்றும், எலியின் 7ஆம் குரோமோசோமோடு அப்பகுதி ஒத்திருக்கின்றது என்றும் ஓர் ஆய்வு வரைந்து காட்டியது. 1915இல் ஹால்டேன் பார்த்த வெண்மை நிலை இந்த மரபணுவினுடையதே. அவர் அதன் அண்டையிற் கண்ட செங்கண் மரபணுவோ மனிதரில் 15ஆம் குரோமோசோமில் இருப்பது 1990களின் தொடக்கத்தில் விளங்கியது. எலியில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவாய் இருந்த இரு குடும்பங்கள், மனிதரில் வெவ்வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனால் வீடு மாறினும் தொழில் மாறவில்லை. மனிதரிடையே காணப்படும் வெண்தோல் நிலைகளிற் பெரும்பான்மைக்கு இவ்விரண்டு மரபணுக்களே காரணம். ஆய்வுக்கூடங்களில் வளரும் வெள்ளெலிகள் யாவற்றிலும் டைரோசினேஸ் மரபணுவில் நேர்ந்திருப்பது ஒரேயோர் எழுத்து மாற்றம். ஓர் ஒற்று தவறினால் ஒரு சொல் பொருள் மாறுவதை அறிந்த தமிழாசிரியர்க்கு இது வியப்பூட்டாது.

இவ்வரைபடம் லயத்துத் தாய்க்கு என்ன தருகின்றது? விடுதலை தருகின்றது. 11ஆம் குரோமோசோம் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாய் வருவது. இரண்டிலும் அம்மரபணு செயலற்றிருந்தாலன்றி இந்நிலை தோன்றாது. ஆகவே குழந்தையின் வெண்மை, கணவனே தந்தை என்பதை மறுக்கும் சான்று அன்று. மனைவியைப்போலவே கணவனும் தன் கருந்தோலுக்குள் அதே மரபணுவின் செயலற்ற வடிவம் ஒன்றை அறியாமற் சுமந்திருக்கின்றான் என்பதைக் காட்டும் சான்று. ஊர் பேசிய பழி பொய்யென்று எலிகள் சாட்சி சொல்லிவிட்டன.

இத்துடன் கட்டுரையை முடித்துவிடலாம். முடித்தால் கேட்பவர் மகிழ்வர். ஆயினும் அவ்வாறு முடிப்பது நேர்மையாகாது. ஏனெனில் அதே வரைபடத்தில் வேறொரு நொதி உள்ளது. அதைப் பற்றி வரைபடம் சொல்லும் செய்தி முற்றிலும் மாறானது.

குளுகோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரோஜினேஸ் என்பது அதன் நீண்ட பெயர். மருத்துவமனையில் ஜி-6-பி-டி என்பர். சிவப்பணுக்களைச் சிதையாமற் காப்பது அதன் பணி. அது குறைந்த குழந்தைக்குப் பிறந்த சில நாட்களில் மஞ்சட்காமாலை முற்றக்கூடும்; முற்றினால் மூளையும் கேட்டுக்குள்ளாகும். துணிப்பெட்டியில் இடும் பாச்சை உருண்டையின் ஆவியும், பிஞ்சுத் தோலிற் பூசும் மருதாணியும், சில மருந்துகளும் அச்சிவப்பணுக்களை உடைத்துவிடும். மலேசியாவில் 1980களிலிருந்து பிறந்த குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியில் இக்குறை சோதிக்கப்பட்டு வருகின்றது. சிங்கப்பூர் 1965இலேயே அதனைத் தொடங்கிவிட்டது. இந்நாட்டில் சீனரிடையேயும் மலாய்க்காரரிடையேயும் காணப்படுமளவு இந்தியரிடையே இது காணப்படுவதில்லை, எனினும் இல்லாமலில்லை.

இந்நொதிக்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. மகனுக்கு எக்ஸ் ஒன்றே. அதனைத் தருபவள் தாய். மகனைப் பொறுத்தவரை தந்தைக்கு இதில் பங்கில்லை. ஆக, முன்பு தாயை விடுவித்த அதே வரைபடம் இப்போது அவளைச் சுட்டிக்காட்டுகின்றது. மாமியார் மருத்துவரிடம் கேட்டறிந்து வந்து, ‘உன் பக்கத்திலிருந்துதான் வந்ததாம்’ என்று சொன்னால் அச்சொல் அறிவியற்படி பொய்யன்று. முதல் வழக்கில் வரைபடத்தின் சாட்சியை ஏற்றவர், இரண்டாம் வழக்கில் அதனை மறுக்க உரிமையுடையரா? உண்மையான இடர்ப்பாடு இதுவே.

வரைபடத்தை இன்னும் சற்று ஆழ்ந்து படித்தால் பழியின் கூர்மை மழுங்குகின்றது என்பது மெய்தான். 1961இல் ஆங்கிலேய அறிவியலார் மேரி லயன், எலிகளின் புள்ளி விரவிய மயிரைக் கண்டு, பெண்ணுடலில் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று உறங்கிவிடுகின்றது என்று கூறினார். சுசுமு ஓனோ 1967இல் எடுத்துரைத்தபடி, பாலூட்டிகளில் மற்றக் குரோமோசோம்கள் எவ்வளவு கலைந்தாலும் எக்ஸ் மட்டும் பெரும்பாலும் குலையாமல் வந்துள்ளது. ஆதலால் எலியின் எக்ஸைப் பற்றிய செய்தி மனிதருக்கும் பொருந்திற்று. 1962இல் பாய்ட்லர் குழுவினர் இக்குறையைத் தாங்கும் பெண்களின் குருதியில் இருவகைச் சிவப்பணுக்கள் இருப்பதைக் காட்டினர். ஒரு பகுதி நொதி நிறைந்தது, மறு பகுதி நொதி குறைந்தது. அத்தாய் நோய் தந்தவள் மட்டுமல்லள். தன் உடலிலேயே அதனைப் பாதி சுமப்பவள். மேலும், அக்குறையுள்ள எக்ஸ் அவளுக்கு அவளுடைய தந்தையிடமிருந்தே வந்திருக்கக்கூடும். தாய்வழி என்று தொடங்கிய வழி ஒரே தலைமுறையில் பாட்டனிடம் போய் நிற்கின்றது.

உரிமைத் திருமணத்தில் இது இன்னும் விந்தையான வடிவம் கொள்கின்றது. அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதை மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் இந்துக்களுக்குத் தனி விலக்காக அனுமதிக்கின்றது. அத்தகைய மணத்தில் மணமகளின் மாமியார் யார்? அவள்தன் தாயைப் பெற்ற பாட்டியேயாவாள். மருமகளின் எக்ஸ் ஒன்று அவள் தாயிடமிருந்து வந்தது. தாய்க்கு அப்பாட்டியிடமிருந்து வந்திருக்கலாம். ‘உன் பக்கம்’ என்று நீளும் விரல் வளைந்து சுட்டியவரையே தொடுகின்றது.

ஆனால் இவ்வாறு விரலை வேறொருவர்மேல் திருப்பிவிடுவது விடையாகாது. பாட்டனிடமோ மாமியாரிடமோ பழியைக் கொண்டுசென்று சேர்த்தால் வழக்கு முடிந்துவிடவில்லை. குற்றவாளி மாறியுள்ளார், அவ்வளவே. விடை வேறிடத்தில் இருக்கின்றது. முதல் வழக்கில் வரைபடம் தாயை விடுவித்தது என்றபோது உண்மையில் நிகழ்ந்தது யாது? அவள் செய்யாத ஒரு செயலை அவள் செய்ததாக ஊர் கூறிற்று; அச்செயல் நிகழவில்லை என்பது தெளிவாயிற்று. அங்கே விசாரிக்கப்பட்டது ஒரு செயல். இரண்டாம் வழக்கில் எந்தச் செயலும் கூறப்படவேயில்லை. அவள் ஒரு எக்ஸைத் தேர்ந்தெடுத்து மகனுக்கு அளிக்கவில்லை. தன்னிடம் இருந்ததையே அவள் அறியாள். இடம் சுட்டுதல் வேறு. செயல் சுட்டுதல் வேறு. வரைபடம் இடத்தை மட்டுமே அறியும். எத்துணைத் துல்லியமான வரைபடமும் குறையின் ஊரைச் சொல்லுமேயன்றிக் குற்றத்தின் பெயரைச் சொல்லாது.

முற்பிறப்பு வினை என்பார்க்கு இவ்வாராய்ச்சி மறுமொழி கூறுமா? கூறாது. எந்தக் கூழ்த்தகட்டிலும் முற்பிறப்பின் பட்டை தெரிவதில்லை. இல்லையென்று நிறுவவும் அதனால் இயலாது. ஆயினும் அந்நம்பிக்கை இருவகையில் பயன்படுத்தப்படுவதைக் காணலாம். தன் துயரைத் தாங்கிக்கொள்ளத் தன் வினையென்று ஒருவர் எண்ணுவது ஒன்று; பிறர் துயரைக் கண்டு அவர் வினையென்று விலகிப்போவது மற்றொன்று. முன்னது பொறுமை, பின்னது இரக்கமின்மை. அறத்துப்பாலின் இறுதியில் ஊழின் வலிமையை ஓர் அதிகாரம் முழுதும் உரைத்த வள்ளுவரே பொருட்பாலில் ஆள்வினையுடைமையையும் உரைத்தார் என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். அவ்விரண்டும் முரண் என்று பட்டிமன்றங்களில் வாதிடப்படுகின்றது. இந்நொதியின் கதையில் அவை முரணாகத் தோன்றவில்லை. எக்ஸில் எழுதப்பட்டது மாறாது. பாச்சை உருண்டையை வீட்டிலிருந்து அகற்றலாம்.

குற்றம் என்னும் சொல் உண்மையிற் பொருந்தும் இடம் இங்கேதான் தொடங்குகின்றது. குறை தெரிவதற்கு முன் துணிப்பெட்டியில் பாச்சை உருண்டை இட்ட பாட்டி குற்றமற்றவள். தொப்புள்கொடிக் குருதிச் சோதனையின் முடிவு குழந்தையின் நலப் புத்தகத்தில் எழுதப்பட்டு, தாதியும் விளக்கிச் சொன்னபின், ‘எங்கள் காலத்தில் இல்லாததா’ என்று அதே உருண்டையை மீண்டும் இடுபவர் அங்ஙனம் அல்லர். சோதனை முடிவைத் தாய்க்குப் புரியாத மொழியில் விரைந்து கூறிவிட்டு அடுத்த படுக்கைக்குச் செல்லும் பணியாளரும் அங்ஙனம் அல்லர். அறிவு பழியைப் பின்னோக்கிச் செலுத்துவதில்லை. கடமையை முன்னோக்கிச் செலுத்துகின்றது. அக்கடமையும் குறையைச் சுமப்பவரைக் காட்டிலும் குறையை அறிந்தவரையே முதலிற் சாரும்.

எளிதில் தீராத ஒரு சிக்கலும் உண்டு. ஒரு பெண் இக்குறையைத் தாங்குபவள் என்று பெற்றோர் அறிந்திருக்கின்றனர்; பெண் பார்க்க வருகின்றார்கள். சொல்ல வேண்டுமா? சொல்லாவிடின் நாளைப் பிறக்கும் பேரன் தக்க காப்பின்றி இடருறலாம். சொன்னால் பந்தியில் அமர்ந்தவர்கள் எழுந்துபோகலாம். சொல்வதே அறம் என்று மேடையில் முழங்குவது எளிது. உண்மையைப் பெறுபவர் அதனைக் குறையாகக் கொள்வாரா குற்றமாகக் கொள்வாரா என்று தெரியாத நிலையில், ஒரு பெண்ணின் வாழ்வை முன்வைத்து அதனைச் சோதித்துப் பார்க்கச் சொல்வது நீதியாகுமா? மறைப்போரை இடித்துரைப்பதற்கு முன், மறைக்கவேண்டிய அச்சத்தை உண்டாக்கிய வழக்கத்தை இடித்துரைத்தலே முறை. அதே வேளையில், மணமான பின்னும் மருமகன் வீட்டாருக்குச் சொல்லாது, பிள்ளைப்பேற்றின்போதும் வாய் திறவாதிருப்பது அச்சத்தின் எல்லையைக் கடந்துவிடுகின்றது. அங்கே ஆபத்திற்குள்ளாவது பேச இயலாத ஓர் உயிர். எங்கே கோடு விழுகின்றது என்பதைக் குடும்பந்தோறும் தனித்துத்தான் காண வேண்டியிருக்கும். உறவில் மணப்போரிடம் இவ்வச்சம் குறைவு என்பது ஒரு சிறு ஆறுதல். அங்கே இரு பக்கமும் ஒரே பக்கம். உறவு மணம் அரிய குறைகள் இருபுறமும் சந்திக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றது என்பது அதன் மறுபுறம். வெண்தோல் நிலை அவற்றுள் ஒன்று.

இந்த அறிவு யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. ஜி-6-பி-டி குறை 1956இல் கண்டறியப்பட்டதற்கு வழிவகுத்தவை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையில் கைதிகளிடம் நடத்தப்பட்ட மலேரியா மருந்துச் சோதனைகள். பிரைமாகுவின் என்னும் மருந்தை உட்கொண்டபோது கறுப்பினக் கைதிகள் சிலருக்குச் சிவப்பணுக்கள் சிதைந்தன. ஏன் என்று தேடியபோது இந்நொதி புலப்பட்டது. சிறைக்குள் இருப்பவர் தாமே விரும்பி உடன்பட்டார் என்று சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்க இயலும் என்று பின்னாளில் பலர் வினவினர், வினவத்தக்கதே. குற்றவாளியென்று தீர்ப்புப் பெற்றவர்களின் குருதியிலிருந்து, குற்றமற்ற குழந்தைகளைக் காக்கும் அறிவு வந்தது. நன்மை விளைந்தமையால் முறை தூய்மை பெற்றுவிடாது.

அம்மலேரியாவே இக்குறைக்கு மற்றொரு முகத்தையும் காட்டுகின்றது. உலகில் இக்குறை மிகுந்து காணப்படும் நிலங்கள் பெரும்பாலும் மலேரியா நெடுங்காலம் ஆண்ட நிலங்கள். கொசு கொணரும் அந்நோய்க்கு எதிராக இக்குறை ஓரளவு காப்பளித்திருக்கின்றது என்பது ஆய்வாளர் கருத்து. குருதி நிலைகளுக்கும் மலேரியாவுக்கும் உள்ள இத்தகைய தொடர்பை 1949இலேயே முன்னுரைத்தவர், எலிகளோடு தொடங்கிய அதே ஹால்டேன். காய்ச்சற் காட்டில் முன்னோர் உயிர்பிழைக்க உதவிய ஒன்று, பாச்சை உருண்டை உள்ள வீட்டில் குறையாகின்றது. ஆயின் அதனைக் குறையென்று மட்டும் அழைப்பதும் முழு உண்மையன்று.

இனி, வெண்மயிரோடு ஒரு சிறுவன் ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு வந்து சேரும் நாளை எண்ணிப் பார்க்கலாம். கேமரன் மலையின் உயரத்தில் வெயில் குளிர்ச்சியாகத் தோன்றும். அதன் புறஊதாக் கதிர் குளிர்ச்சியன்று. அவனுடைய மரபணு 11ஆம் குரோமோசோமில் உள்ளதா 15இல் உள்ளதா என்பதை அவன் ஆசிரியர் அறிந்திருக்கத் தேவையில்லை. பின்வரிசையில் அமர்ந்தால் அவனுக்குக் கரும்பலகை ஒரு கரிய மேகம். சாளரத்தருகே அமர்ந்தால் கண்ணீர் வடியும். புத்தகத்தை மூக்கருகே கொண்டுசென்று படிப்பதைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பர். அவனுக்கு வேண்டியவை முன்வரிசையில் ஒளி பின்புறமிருந்து வரும் ஓரிடம், பெரிய எழுத்தில் எழுதிய வினாத்தாள், திடலுக்குச் செல்லும்போது அகலமான தொப்பி, நீண்ட கைச்சட்டை. அவன் தாய் பள்ளி வாயிலில் நிற்கும்போது, பையனின் நிறத்தைப் பற்றி எவரும் அவளிடம் விளக்கம் கேளாதிருத்தலும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது.